காது மந்தமான குழந்தையை வளர்க்க: முதல் பரிசோதனையிலிருந்து பள்ளி வரை

தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறது, பட்டாசு வெடித்தால் அழுகிறது, அப்புறம் காதில் என்ன குறை இருக்கப் போகிறது என்று ஒன்றிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிடும் வீடுகள் ஏராளம். அரைகுறையாகக் கேட்கும் குழந்தையின் சிக்கலே இதுதான். தட்டின் ஓசை அதற்குக் கேட்கும். "சட்டை", "தட்டை" இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கேட்காது. முழுதாகக் கேட்காத குழந்தையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறோம். ஓரளவு கேட்கும் குழந்தைக்குப் பிடிவாதம், கவனக்குறைவு, சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி இது. தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காதுக்கான வேலையும் அரசுக் காகித வேலையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டை வந்த பிறகு கருவி வாங்கலாம், கருவி வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போகலாம் என்று ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கினால் குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள் அதிலேயே கரைந்துவிடும். மொழிக்கு அந்த ஆண்டுகள் மிக முக்கியம்.

1. பரிசோதனையை அரைகுறையாக விடாதீர்கள்

உலகம் முழுதும் பின்பற்றும் கணக்கு இது: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உங்கள் குழந்தைக்கு அந்த வயது தாண்டிவிட்டிருந்தால் வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்குங்கள்.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அது உட்காது வரை மட்டுமே பார்க்கும், நரம்பைப் பார்க்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோருக்கு ஓஏஇ "பாஸ்" ஆனாலும், ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை கட்டாயம் தேவை. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதிலிருந்தே காது மந்தம் உள்ளவர்கள், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் நீண்ட நாள் போடப்பட்ட குழந்தையின் பெற்றோர் ஆகியோரும் ஒரு "பாஸ்" சீட்டோடு நிறுத்த வேண்டாம். செவித்திறன் பின்னாளிலும் குறையலாம்.

பெரா சோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பலர் இரண்டாவது முறை வரவேண்டியிருப்பது இதனால்தான். அன்று காலை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே எழுப்பிவிடுங்கள். பேருந்திலோ ஆட்டோவிலோ தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வாருங்கள். தலைக்கும் நெற்றிக்கும் எண்ணெய் வைக்காதீர்கள், வைத்தால் மின்முனை ஒட்டாது. சோதனை அறைக்கு வந்த பிறகு பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். தூக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனால் அங்கிருந்தே அனுப்பி வைப்பார்கள்.

அறிக்கையை வாங்கும்போது நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு காதுக்கும் தனித்தனி அளவு இருக்க வேண்டும். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி செய்திருக்க வேண்டும்; சளி பிடித்திருக்கும்போது எடுத்த பெராவை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எலும்பின் அதிர்வு மூலம் உட்காதை நேராகப் பார்க்கும் எலும்பு வழிச் சோதனை இருக்க வேண்டும். கடைசியாக, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு சுருதிக்கும் அளவு வேண்டும். வெறும் "கிளிக்" பெரா பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதிப் பகுதியைத்தான் காட்டும். அதை வைத்துக் கருவியைச் சரியாக அமைக்க முடியாது. சுருதிவாரியாக அளக்கும் "டோன் பர்ஸ்ட் பெரா அல்லது ஏஎஸ்எஸ்ஆர் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். "90 டெசிபலில் பதில் இல்லை" என்று எழுதியிருந்தாலும் எதுவுமே கேட்காது என்று பொருள் கொள்ள வேண்டாம். கீழ்ச்சுருதியில் மிச்சம் இருக்கலாம்.

இந்த அளவுகள் ஒருமுறை எடுத்தால் முடிந்துவிடுவன அல்ல. ஏழெட்டு மாதத்தில், ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் சோதனை இருக்கிறது. இரண்டரை, மூன்று வயதில் ஒலி கேட்டதும் கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டுச் சோதனை செய்யலாம். அப்போதுதான் துல்லியமான வரைபடம் கிடைக்கும், கருவியையும் அதற்கேற்பத் திருத்துவார்கள்.

2. கருவி: கடையில் வாங்குவதும் காதில் பொருத்துவதும் வேறு வேறு

குழந்தைக்குக் கருவி பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டாக (செவித்திறன் வல்லுநராக) இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வரும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கூட்டும். மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அவை கெடுக்கக்கூடும்.

சிறு குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் பிடிஇ வகை மட்டுமே சரி. உள்ளே மறையும் சிறிய வகையை "வெளியே தெரியாது" என்று சொல்லி விற்க முயல்வார்கள். காது வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், எளிதில் பழுதாகும். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் கருவி வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், விலை உயர்ந்த ஒன்றைவிட எளிய இரண்டு நல்லது.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சேனல் எண்ணிக்கையும் (ஒலியை எத்தனை சுருதிப் பகுதிகளாகப் பிரித்துக் கையாள்கிறது என்பது) செல்போன் இணைப்பும்தான். குழந்தைக்கு வேண்டியவை வேறு: குறை இன்னும் கூடினாலும் ஈடுகொடுக்கும் அளவு ஒலி வலிமை, வியர்வையைத் தாங்கும் காப்பு, குழந்தை திறக்க முடியாத பேட்டரி மூடி, பின்னால் பள்ளியில் கம்பியில்லா மைக் இணைக்கும் வசதி, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பழுதுபார்க்கும் இடம். இவை ஐந்தும் இருந்தால் நடுத்தர விலைக் கருவியே போதும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகத் தரும் பிடிஇ கருவிக்கும் விண்ணப்பியுங்கள். சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தாலும் பழுதான நாளில் கைகொடுக்க ஒரு மாற்று தேவை.

பொருத்தும் நாளில் கருவியை மாட்டி "அம்மா சொல்றது கேக்குதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, ஒலி உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. குழந்தையின் காதுத்துளை சிறியது. அதே கருவி பெரியவரைவிடக் குழந்தைக்கு அதிகச் சத்தமாகச் சேரும். அளக்காமல் வைத்தால் சத்தம் தாங்காமல் குழந்தை பிடுங்கி எறியும், நாம் அதை அடம் என்போம்.

காதுத்துளையின் அளவெடுத்துச் செய்து கருவியோடு இணைக்கும் அச்சான இயர் மோல்டு பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு வயதுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைகூட மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. மோல்டு தளர்ந்தால் கருவி "கீ" என்று கூவும். உடனே ஒலி அளவைக் குறைத்துவிடுவார்கள். கூவல் நிற்கும், குழந்தைக்குக் கேட்பதும் நின்றுவிடும். கூவினால் சரியான தீர்வு புது மோல்டுதான். அளவெடுத்து வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், தளரத் தொடங்கும்போதே அளவு கொடுத்துவிடுங்கள். மென்மையான சிலிகோன் மோல்டு கேளுங்கள்.

3. காகிதங்கள்: முதல் நாளே தொடங்க வேண்டியவை

இங்கே தடங்கல் வரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் ஆதார் இழுக்கும், குடும்ப அட்டையில் சேர்க்க முடியாது, அங்கே சேராவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் பெயர் வராது. பிறந்த ஓராண்டுக்குள் பெயரைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. அதனால் வரிசை இப்படி: பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், குழந்தை ஆதார், குடும்ப அட்டையில் பெயர், வருமானச் சான்றிதழ், காப்பீடு. எல்லா இடத்திலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தே, மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். பெரா அறிக்கை, ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் முன் நேரில் வரச் சொல்வார்கள். அசல் அறிக்கைகளைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை குறை இருந்தால் "காது மந்தம்", 70க்கு மேல் "காது கேளாமை". பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சதவீதக் கணக்கில் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கும் மோசமான காதுக்கு ஒரு பங்கும் எடுத்து ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுதும் கேட்காமல் மறுகாது நன்றாக இருந்தால் ஏறக்குறைய 17 சதவீதம்தான் வரும். இது தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைவோர் உண்டு. சதவீதம் குறைவு என்பதற்காகக் கருவியையோ பள்ளியில் முன்னிருக்கையையோ விட்டுவிடாதீர்கள். காதின் தேவையை அட்டை தீர்மானிப்பதில்லை. வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்து, மூன்று நான்கு மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள்.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால் 80டிடி பிரிவில், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 75,000 ரூபாயும் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதற்குச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும்.

4. காலைச் சோதனை: ஐந்து நிமிடம்

கருவி காதில் இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு வேறு. செத்த பேட்டரியோடு கருவி மாட்டியிருப்பது காதில் அடைப்பான் வைப்பதற்குச் சமம். அதனால் தினமும் காலையில் மாட்டும் முன், கருவியின் ஒலியை நாம் கேட்க உதவும் ஸ்டெத்தோசெட் குழாயில் பொருத்தி நீங்களே கேளுங்கள். கரகரப்பு, விட்டுவிட்டு வருவது, மந்தமான ஒலி எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்சுருதி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். குழந்தையின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஓரடி தூரத்தில் இருந்து, சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். வாயைக் கையால் மூடாதீர்கள், ஒலி மாறிவிடும். சிறு குழந்தை கண்ணை அசைக்கும், பால் உறிஞ்சுவதை நிறுத்தும். பெரிய குழந்தை திருப்பிச் சொல்லும். பிறகு மூன்றடி, ஆறடி, பத்தடி. நேற்றுவரை ஆறடியில் கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, மோல்டில் அழுக்கு, குழாயில் நீர்த்துளி, காதில் சளிநீர் என்ற வரிசையில் தேடுங்கள். நான்கும் இல்லையென்றால் அந்த வாரமே ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் செருகாமல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றில் வையுங்கள். அப்போதுதான் முழு வலிமை வரும். ஆரஞ்சு நிற ஒட்டு 13ஆம் எண், நீலம் 675. கடையில் நிறத்தைச் சொன்னாலே தருவார்கள். குழந்தை பேட்டரியை விழுங்கினாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நம் ஊர் வியர்வைதான் கருவிக்கு முதல் எதிரி. இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மோல்டைக் கருவியிலிருந்து கழற்றி, மென்சோப்பு நீரில் கழுவி, குழாயில் உள்ள நீரை ஊதி வெளியேற்றிய பிறகே மாட்டுங்கள். கருவியில் கிளிப் கயிறு போட்டுச் சட்டையின் முதுகுப்பக்கம் குத்திவிடுங்கள். காதில் எண்ணெய் விடுவது, பட்ஸ் போடுவது இரண்டையும் பாட்டி சொன்னாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். சீழ் வந்தால் மோல்டு மாட்ட முடியாது, மோல்டு மாட்ட முடியாத நாளெல்லாம் கேட்காத நாள்.

குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். முதல் வாரங்களில் பிடுங்கும். பால் குடிக்கும்போது, ஊஞ்சலில் ஆடும்போது என்று கை வேலையாக இருக்கும் நேரங்களில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கூட்டுங்கள். எத்தனை மணி நேரம் மாட்டப்பட்டது என்று கருவியிலேயே பதிவாகும். அடுத்த வருகையில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

5. பேச்சு வளர்வது வீட்டில்

வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி, குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று உங்களுக்குக் கற்றுத்தரத்தான். உங்களை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே அழைத்துப்போகும் இடமென்றால், "நானும் உள்ளே இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். மாவட்டந்தோறும் காது கேளாத இளஞ்சிறார்க்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் உள்ளன. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா ஐந்து வயதுக்குட்பட்டோருக்கானது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து பலர் போகிறார்கள்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இலக்கணம் எல்லாம் சொல்லின் வாலில் தொங்குகிறது: வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வந்தான், வந்தாள். பேசும்போது அந்த வாலைத்தான் நாம் விழுங்குகிறோம். காது மந்தமான குழந்தைக்கு "வீட்" மட்டும் கேட்கும், மிச்சம் காற்றோடு போகும். நான்கு வயதில் "அம்மா கடை போ" என்று பேசுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் சொல்லின் கடைசியைத் தெளிவாக, சற்று இழுத்து முடியுங்கள். "கடைக்குப் போலாமா? கடையில என்ன வாங்கலாம்? கடையிலேர்ந்து வந்துட்டோம்" என்று ஒரே சொல்லை வெவ்வேறு வாலோடு ஒரே நாளில் பலமுறை கேட்கவிடுங்கள்.

கத்திப் பேசாதீர்கள், சொல் சிதையும். எழுத்தெழுத்தாக உடைத்தும் சொல்லாதீர்கள். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டு, இயல்பான குரலில் முழு வாக்கியமாகப் பேசுங்கள். "பால்" என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லாமல் "பால் சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று சொல்லுங்கள். பொருளைக் காட்டுவதற்கு முன் பெயரைச் சொல்லுங்கள்; காது முந்தட்டும், கண் பிந்தட்டும். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் நாம் மூன்றில் பொறுமை இழந்து பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், கருவி ஒழுங்காக மாட்டத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டரை வயதுக் குழந்தைக்குக் கருவி வந்து ஆறு மாதமே ஆகியிருந்தால் அதன் கேட்கும் வயது ஆறு மாதம்தான்.

சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று பயமுறுத்துவோர் இருக்கிறார்கள். சைகை பேச்சைத் தடுப்பதில்லை. 70 டெசிபலுக்கு மேல் குறை உள்ள குழந்தைக்கு இந்திய சைகை மொழியும் சேர்ந்து கிடைத்தால், கருவி இல்லாத குளியலறையிலும் கடற்கரையிலும்கூட அதற்கு மொழி இருக்கும். வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

6. கருவி போதாவிட்டால்

இரண்டு காதிலும் கடுமையான குறை, சரியாக அமைத்த கருவியை மூன்று மாதம் போல மாட்டியும் பேச்சொலி எட்டவில்லை என்றால், உட்காதுக்குள் மின்முனையைச் செருகும் அறுவையான காக்ளியர் இம்பிளான்ட் பற்றிப் பேசலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு வரம்பு ஐந்து வயது. வரம்பு ஆறு என்றால் ஐந்தே முக்காலில் போகலாம் என்று பொருள் இல்லை. இரண்டு வயதுக்குள் செய்வதற்கும் ஐந்தில் செய்வதற்கும் பேச்சில் பெரிய வேறுபாடு இருக்கும். மூளைக்காய்ச்சலால் கேட்காமல் போயிருந்தால் வாரக்கணக்கில் அவசரம். உட்காது எலும்பாக இறுகிவிட்டால் மின்முனை செருக முடியாது.

அறுவைக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள், அதன் பின் மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கேற்ப அமைப்பதற்கு, பலமுறை வர வேண்டும். கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை: வெளிக்கருவிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கேபிளும் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயிலும் என்ன விலை, பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கலாமா. உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் செலவுதான் பல குடும்பங்களைத் திணறடிக்கிறது. மாதம் ஒரு சிறு தொகையை முதல் நாளிலிருந்தே ஒதுக்குங்கள். அரசுத் திட்டத்தில் பொதுவாக ஒரு காதுக்குத்தான் கிடைக்கும். மறுகாதில் கேட்கும் திறன் மிச்சம் இருந்தால் அதில் பழைய கருவியைத் தொடர்ந்து மாட்டலாமா என்று கேளுங்கள்.

7. பள்ளி

ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் வரும்படி முன்வரிசை, தடதடக்கும் மின்விசிறிக்கும் தெருப்பக்க ஜன்னலுக்கும் தள்ளி இருக்கை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேச வேண்டாம், "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் "என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்க வேண்டும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அதனால் இருக்கை மாற்றம் ஒன்றே பெரிய உதவி. சொல்வதெழுதுதலில் தவறு வந்தால் முதலில் காதைச் சந்தேகியுங்கள். "படம்", "மடம்" இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

பள்ளிப் பதிவேட்டில் யுடிஐடி எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியிருந்தால்தான் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர் வருவார், கல்வி உதவித்தொகைக்கும் வழி பிறக்கும். பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அப்போது சான்றிதழ் காலாவதியாகியிருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்கத் தொடங்குங்கள்.

8. விட்டுப்போகும் மூன்று பரிசோதனைகள்

கண் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். காது மந்தத்தோடு மாலைக்கண்ணும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் உண்டு. பிறவியிலேயே கடுமையாகக் கேட்காத குழந்தைக்கு ஒருமுறை ஈசிஜி எடுத்துவிடுங்கள், இதயத்துடிப்புக் கோளாறோடு சேர்ந்த அரிய வகை அதில் தெரியும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவோர் பிறவிக் காது கேளாமைக்குக் காரணமாகக்கூடிய கனெக்சின் 26 மரபணுவுக்கான சோதனை பற்றி மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோர் இருவரும் நன்றாகக் கேட்பவர்களாக இருந்து ஒரே மரபணுக் குறையை இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் காது கேளாமை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இதில் தாயின் மேலோ தந்தையின் மேலோ குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அடுத்த குழந்தை பிறந்தால் முதல் மாதத்திலேயே ஓஏஇயோடு பெராவும் எடுத்துவிடுங்கள்.